நாலு மூலைக்கும் கல்

மாப்பிள்ளை,

இன்று காலையில் மேல்வீட்டு மருமகள் மொட்டை மாடியில் வடகம் பிழிந்தாள். பழைய வேட்டியை விரித்துப் பிழிந்து முடித்துவிட்டு, காற்று தூக்குகிறது என்று கீழே இறங்கி என் கதவருகே வந்து நின்றாள். என் வாசலுக்கு உள்பக்கம், சுவரோரமாக நான்கு கற்கள் இருக்கின்றன. பாலாற்றுக் கற்கள். தேங்காய் அளவு, வழவழப்பு.

"தாத்தா, இந்தக் கல்ல எடுத்துக்கினு போவட்டா? சாயங்காலம் குடுத்துடறேன்."

"அது வேணாம்."

"சும்மா தானே கெடக்குது?"

"சும்மா கெடக்கல."

அவள் முகம் சுருங்கிப்போயிற்று. கல்லைக்கூடக் கொடுக்காத கிழவன் என்று நினைத்திருப்பாள். நினைக்கட்டும். என்னைப் பற்றி இந்த ஊர் நினைக்காதது எதுவும் பாக்கி இல்லை. தெருமுனையில் வீடு கட்டுகிற இடத்துக்குப் போய் நான்கு கருங்கல் துண்டுகளைப் பொறுக்கினேன். மூச்சு வாங்க மாடி ஏறி, நானே வேட்டியின் நான்கு மூலையிலும் வைத்தேன். வேட்டி ஒரு தரம் வயிறு உப்பிப் பார்த்தது. பிறகு படுத்துவிட்டது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது உனக்கு எழுத வேண்டும் போல் இருந்தது.

நீ என் அக்காவின் ஒரே பிள்ளை. குடியாத்தத்தில் லுங்கித் தறி ஓடுகிற வீட்டில் பிறந்தவன். எனக்கும் அந்தத் தறியைத்தான் ஒதுக்கி வைத்திருந்தார்கள். உட்கார மாட்டேன் என்று சண்டை போட்டுக்கொண்டு வந்து ஆம்பூரில் தோல் பதனிடுகிற ஒரு டேனரியில் சேர்ந்தேன். அதோடு சொந்தக்காரர்கள் என் வீட்டில் தண்ணீர் குடிப்பதை விட்டார்கள். சுண்ணாம்புக் குழி நாற்றம் என்றார்கள். நான் ஒருவர் வீட்டுக்கும் போய்ச் சமாதானம் சொல்லவில்லை. பள்ளிக்கூடம் லீவு விட்டால் நீ ஒருவன்தான் பஸ் ஏறி வருவாய். வந்ததும் என் கையைப் பிடித்து முகர்ந்து பார்த்து, "இது தான் கரெக்ட் அட்ரஸ்" என்று சொல்லிவிட்டு உள்ளே போவாய். அந்த ஒரு சொல்லுக்காகவே நான் வேலையிலிருந்து வந்து சோப்புப் போடாமல் உட்கார்ந்திருப்பேன்.

வேலூரில் கல்லூரி முடித்து, யாருக்கும் சொல்லாமல் எழுதிப் போட்டு, விமானப்படையில் தேர்வாகி நீ கிளம்பியபோது உன் அப்பா மூன்று நாள் தறியில் உட்காரவில்லை. நான் வேலூருக்குப் போய்ப் பழைய புத்தகக் கடையில் கிடைத்த இங்கிலீஷ் பத்திரிகைகளை மூட்டையாகக் கட்டி வந்தேன். எனக்கு அஞ்சாம் வகுப்புப் படிப்பு. இங்கிலீஷ் நானாகக் கற்றது ஷூ டப்பாக்களின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டுகளைப் பார்த்து. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஹெலிகாப்டர் எப்படிப் பறக்கிறது என்று படித்தேன். படிக்கப் படிக்க எனக்கு நம்பிக்கை குறைந்ததே தவிரக் கூடவில்லை. இறக்கை இல்லை. தலைக்குமேல் நாலு கத்தி சுற்றுகிறது. அதில் நம் பையன் உட்கார்ந்திருக்கிறான். இது எப்படி ஆகும்?

அந்தப் பொங்கல் லீவில் நீ வந்தபோது கேட்டேன். நீ சமையலறையிலிருந்து விளக்குமாற்றை எடுத்துவந்து தலைகீழாகத் தரையில் ஊன்றி, நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாய். வலது கையில் விளக்குமாற்றுக் கட்டை, இடது கையில் குடை, காலடியில் என் செருப்பு இரண்டு. கண்ணை எதிர்ச் சுவரில் நிறுத்தி, இரண்டு கையும் இரண்டு காலும் ஓயாமல் துளித்துளியாக அசைய, அப்படியே இருந்தாய்.

"இன்னாடா பண்ற?"

"நிக்கிறேன் மாமா."

"நிக்கிறதுக்கா இத்தினி ஆட்டம்?"

"பறக்கிறது பெரிய விஷயமே இல்ல மாமா. ஆகாசத்துல ஒரே எடத்துல நிக்கிறது இருக்குது பாரு, அது தான் கஷ்டம். கையும் காலும் ஒரு நொடி சும்மா இருந்தா வண்டி போய்டும். நாம ஆடிக்கினே இருந்தா தான் அது ஆடாது."

பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாய். "உனுக்கு இது சுலபமா வரும். நீ சொந்தக்காரங்களோட பத்து வருசமா அப்டித்தானே நிக்கிற?"

என்னை அதுவரை எல்லோரும் பிடிவாதக்காரன் என்றுதான் சொல்லியிருந்தார்கள். நீ ஒருவன்தான் அதை ஒரு வித்தை மாதிரிச் சொன்னவன்.

அடுத்த வருஷம் டேனரி ஆபீசுக்கு உன் டிரங்க் கால் வந்தது. முதலாளி பெரிய பாய்தான் எடுத்தார். பெங்களூரிலிருந்து மெட்ராஸுக்கு ஒரு ஹெலிகாப்டரைக் கொண்டுபோகிறாய். ரயில் தண்டவாளத்தைப் பிடித்து வந்தால் நம் ஊர் தானாக வந்துவிடும். ஆனால் மேலிருந்து பார்த்தால் எல்லா டேனரியும் ஒரே ஓட்டுக் கூரைதான், ஏதாவது அடையாளம் வை என்றாய்.

"தாழ வருவேன் மாமா, எறங்க மாட்டேன். மேல இருக்கறவங்களுக்குத் தெரிஞ்சா என் தோல உரிச்சிடுவாங்க."

"உரிச்சா இங்க அனுப்பச் சொல்லு. நானே தரம் பாக்கறேன்."

அப்போது ஆபீசே சிரித்தது.

அடையாளத்துக்கு என்ன வைப்பது? தோல்காரனுக்குத் தோலைத் தவிர வேறு என்ன தோன்றும்? எங்கள் களத்தில் மரப்பட்டைச் சாற்றில் ஊறிய ஆட்டுத்தோல்கள் பழுப்பாகக் காயும். குரோம் உப்பில் ஊறியவை வெளிர் நீலம். கழித்துப்போட்ட நீலத் தோல்கள் ஒரு குவியல் கிடந்தன. வெயிலில் காய்ந்து அப்பளமாக ஆகியிருந்தன. நானும் இன்னும் சிலரும் அவற்றைக் களத்தின் நடுவில் பெரிய பெருக்கல் குறியாகப் பரப்பினோம். பெரிய பாய் மாடி வராந்தாவிலிருந்து பார்த்து, "அந்தப் பக்கம் கோணலா இருக்குதுய்யா, பையன் குடியாத்தத்துக்குப் போய்டப் போறான்" என்று கத்தினார். நேராக்கினோம். தோலிலேயே பிறந்து வளர்ந்த அத்தனை பேர் நின்றோம். ஒருவர் மூளையிலும் ஹெலிகாப்டர் கிளப்பும் காற்று ஏறவில்லை.

முதலில் சத்தம்தான் வந்தது. சத்தம் என்றால் காதில் இல்லை, நெஞ்சில். பிறகு மேற்கே மலைப்பக்கம் ஒரு புள்ளி. புள்ளி பெரிதாகி, டேனரிப் புகைபோக்கிக்கு அந்தப் பக்கம் திரும்பி, எங்கள் தலைக்கு மேல் வந்து நின்றது. நின்றது, மாப்பிள்ளை. அத்தனை பெரிய இரும்பு, ஆணி அடித்த மாதிரி ஆகாயத்தில் நின்றது. நான் அண்ணாந்து பார்த்தேன். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு தலைக்கவசம். அது குனிந்து என்னைப் பார்த்தது. என் கையை முகர்ந்தவன் மேலே நிற்கிறான், நான் கீழே நிற்கிறேன். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கோயிலில் எனக்கு வராதது அன்று அங்கே வந்தது.

அதற்குள் தோல்கள் எழுந்தன. ஒன்று, இரண்டு, பிறகு மொத்தமாக. நீலமும் பழுப்பும் கலந்து காக்கைக் கூட்டம் போலக் கிளம்பி, சுவர் தாண்டி, தென்னை மரத்தில் ஏறி, தண்டவாளத்தில் போய் விழுந்தன. பெரிய பாயின் தலையில் ஒன்று முக்காடாக விழுந்தது.

"அரே, தோலெல்லாம் ஆகாசத்துக்குப் போவுதே! புடிங்கய்யா!"

யார் பிடிப்பது? எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தோம். நீ ஒரு சுற்றுச் சுற்றி வாலை ஆட்டிவிட்டுக் கிழக்கே போனாய். தென்னையில் சிக்கிய ஒரு நீலத்தோல் அந்த வருஷ மழைவரை அங்கேயே தொங்கியது. ஊரில் எங்கள் டேனரிக்கு அதுவரை முதலாளியின் பெயர்தான் பெயர். அதன் பிறகு, ஹெலிகாப்டர் தோலைப் பறக்கவிட்ட டேனரி.

நீ லீவில் வந்தபோது முதல் பேச்சே அதுதான். "கல்லு வைக்கத் தோணலியா மாமா? நாலு மூலைக்கு நாலு கல்லு?" என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பாலாற்றில் இறங்கினாய். தண்ணீர் இல்லாத ஆறு. மணலில் தேடித் தேடி, கையில் எடுத்து எடை பார்த்துப் பார்த்து, நாலு கல் பொறுக்கினாய். "அடுத்த தடவைக்கு" என்று சொல்லிக் களத்துச் சுவரோரம் வரிசையாக வைத்தாய்.

அடுத்த தடவை உன்னை இலங்கைக்கு அனுப்பினார்கள்.

உன் கடிதங்களில் சண்டையைப் பற்றி ஒரு வரி இருக்காது. இங்கே மழை, இங்கே பனைமரம் நம் ஊரைவிட ஜாஸ்தி, இட்லி கிடைக்கிறது, அவ்வளவுதான். பிறகு ஒரு நாள் குடியாத்தத்துக்குத் தந்தி வந்தது. நீ ஓட்டிப்போன ஹெலிகாப்டர் திரும்பவில்லை, நீயும் உன்னோடு போன இருவரும் காணவில்லை, தேடுகிறார்கள். சில மாதங்கள் கழித்து ஓர் அதிகாரி உன் பெட்டியோடு வந்தார். மரியாதையான மனிதர். கடலுக்கும் காட்டுக்கும் இடையில் எங்கே விழுந்தது என்று தெரியவில்லை, இனி நம்பிக்கை இல்லை என்று தொப்பியைக் கழற்றிக்கொண்டு சொன்னார்.

ஊர் தொப்பியைக் கழற்றவில்லை. டேனரி எதிரில் இருந்த டீக்கடையில் ஒருவன் பேப்பரை மடித்துக்கொண்டே சொன்னான்: "அங்க போயி நம்ம ஜனங்களையே தானே சுட்டானுங்க. அதுக்கு இன்னா அழுவ?"

நான் கிளாசை வைத்தேன். "அவன் சுடப் போவல. அடிபட்டவங்கள ஏத்திக்கினு வரப் போனான்."

"உனுக்கு யார் சொன்னது?"

யாரும் சொல்லவில்லை. உன்னை எனக்குத் தெரியும், அவ்வளவுதான். அன்று எழுந்து வந்தவன் அந்தக் கடை இருந்த பக்கம் இன்றுவரை நடக்கவில்லை. கடை போய், கடைக்காரன் போய், அங்கே இப்போது செல்போன் விற்கிறார்கள். நான் எதிர்ப்பக்கமாகத்தான் போகிறேன்.

இதைவிடப் பெரிய சண்டை வீட்டுக்குள் நடந்தது. நம் வழக்கம் உனக்குத் தெரியும். கல்யாணம் ஆகாத பிள்ளை போனால் முதலில் விழ வேண்டியது தாய்மாமன் கோடி. தறி வைத்திருக்கிற வீடு, கெஜம் கெஜமாகத் துணி கிடக்கிறது, இருந்தாலும் அந்தப் புதுத்துணி என் கையால் வர வேண்டும். நான் போர்த்தாமல் வேறு யாரும் போர்த்த முடியாது. காரியமும் நடக்காது. உன் படத்தின் மேல் போடு என்றார்கள். வாழைத்தண்டைப் படுக்க வைத்து அதன் மேல் போடு என்றார்கள்.

"வாழத்தண்ட நான் தூக்கி வளக்கல" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

உன் பெரியப்பா ஆள் அனுப்பினார். உன் அப்பா ஒன்றும் பேசாமல் வந்து என் எதிரில் உட்கார்ந்துவிட்டுப் போனார். நான் அசையவில்லை. ஆள் இல்லை என்று யார் பார்த்தார்கள்? பார்க்காதவர்கள் சொன்னதற்கு நான் எப்படித் துணி போடுவது?

கடைசியில் அக்காவே வந்தாள். நான் டேனரியில் சேர்ந்த பிறகு அவள் என் வீட்டுப் படி ஏறியது அதுதான் முதல். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"தம்பி, நான் இன்னும் அழுவலடா. அழுதா அவன் செத்ததுக்கு நானே கையெழுத்துப் போட்ட மாதிரி. அழுவாமயும் இருக்க முடியல. நீ கோடி போட்டா தான்டா நான் அழுவ முடியும்."

அவள் கண் காய்ந்த தோல் மாதிரி இருந்தது. இருந்தாலும் சொன்னேன்: "யார் மேலக்கா போடறது? எடத்தக் காட்டு, போடறேன்."

அவள் எழுந்து போனாள். இடத்தைக் காட்ட ஒருவன் கலவை என்கிற ஊர்ப் பக்கமிருந்து வந்தான்.

ஒரு மத்தியானம் டேனரி வாசலில் கக்கத்தில் கட்டை ஊன்றி ஓர் இளைஞன் நின்றான். ஒரு கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. ராணுவத்தில் சிப்பாயாக இருந்தவன். ரயிலடியில் இறங்கி, ஹெலிகாப்டர் தோலைப் பறக்கவிட்ட டேனரி எது என்று கேட்டிருக்கிறான். கேட்டவர்களெல்லாம் கை காட்டியிருக்கிறார்கள். நான் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "நீங்க தான் கல்லு வைக்காத மாமாவா?"

மாப்பிள்ளை, நான் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அன்றே அவனைக் குடியாத்தத்துக்கு அழைத்துப்போனேன். நான் மட்டும் கேட்டால் போதாது. அக்காவும் உன் அப்பாவும் தறிப்பலகையில் உட்கார்ந்திருந்தார்கள். அவன் கட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சொன்னான்.

"காலு போன எடம் ஒரு பனந்தோப்பும்மா. நாங்க எட்டுப் பேரு, எல்லாம் அடிபட்டவங்க. ஹெலிகாப்டருக்குத் தெரியறதுக்கு வெள்ளத் துணி விரிக்கச் சொன்னாங்க. நான் தவழ்ந்துக்கினே போயி விரிச்சி, சுத்தியும் கல்லு வச்சேன். அண்ணன் வந்தாரு. கீழ எறங்க முடியல, எங்க பாத்தாலும் வெட்டுன பனங்கட்ட. முழங்கா உசரத்துல அப்டியே நிக்க வச்சாரு. சுத்தி வெடிச்சத்தம். மண்ணு பறக்குது. வண்டி ஆடலம்மா. ஒரு வெரல் அளவுகூட ஆடல. எங்க நாலு பேர ஒவ்வொருத்தரா உள்ள தூக்கிப் போட்டாங்க. அது வரைக்கும் அப்டியே நின்னுச்சு."

முகாமில் இறக்கியபின் நீ ஸ்ட்ரெச்சர் பக்கமாக வந்தாயாம். அவன் வலியில் தமிழில் முனகுவதைக் கேட்டு, எந்த ஊர் என்று கேட்டாயாம்.

"கலவப் பக்கம் சார்னேன். நான் ஆம்பூர்க்காரன்டான்னாரு. குடியாத்தம்னு சொல்லலம்மா, ஆம்பூர்னு தான் சொன்னாரு. துணிக்குக் கல்லு வச்சது யாருன்னாரு. நான் தான் சார். கரெக்டா வச்சடா, எங்க மாமா ஒருத்தரு டேனரில வைக்காம வுட்டு, தோலெல்லாம் தென்னமரம் ஏறிடுச்சுன்னாரு. எனுக்கு அந்த வலியிலயும் சிரிப்பு வந்துச்சு. அதுக்குள்ள கூப்ட்டாங்க. மிச்சம் நாலு பேரு இருக்காங்க, இருட்டறதுக்குள்ள வந்துடறேன்னு போனாரு."

அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்தது.

அக்கா கேட்டாள்: "பயந்தானாப்பா?"

"தெரியலம்மா. அப்ப மொகம் பாக்கல. வண்டித் தரையில படுத்த வாக்குல கைய கால தான் பாத்தேன். ரெண்டு கையும் ரெண்டு காலும் நடுங்கற மாதிரி ஆடிக்கினே இருந்துச்சு. வண்டி மட்டும் தான் ஆடல."

அது நடுக்கம் இல்லை என்று அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். விளக்குமாறும் குடையும் என் செருப்பும் கண் முன்னால் வந்தன. என் வீட்டு நாற்காலியில் நீ காட்டியதை, உயிர் பறக்கிற இடத்தில், நான்கு பேர் ஏறி முடிக்கிறவரை செய்திருக்கிறாய். பறக்கவில்லை, நின்றிருக்கிறாய். நான் எழுந்து உன் அம்மாவிடம் போய், "கோடி போடறேன்க்கா. ஆனா இங்க இல்ல, எங்க டேனரி களத்துல" என்றேன்.

"இன்னாடா இது பேஜாரு? நாத்தத்துலயா காரியம் பண்றது?" என்று உன் பெரியப்பா எகிறினார்.

"அவன் அந்த நாத்தத்த மோந்து பாத்துத் தான் எங்க வீட்டுக்குள்ளயே வருவான். கோடி வுழணும்னா அங்க தான் வுழும்."

உன் அப்பா முதல் தடவையாக வாயைத் திறந்தார். "அவன் சொல்ற எடத்துக்கே போவலாம்."

வந்தார்கள். என் வீட்டில் தண்ணீர் குடிக்காத அத்தனை பேரும் சுண்ணாம்புக் குழியைத் தாண்டி வந்தார்கள். பெரிய பாய் அன்று வேலையை நிறுத்திக் களத்தைப் பெருக்கிச் சுத்தமாக வைத்திருந்தார். தலையில் குல்லாவோடு ஓரமாக நின்றார். நான் புது வேட்டியைப் பிரித்துக் களத்தின் நடுவில், நீலத் தோல் பரப்பிய அதே இடத்தில் விரித்தேன். சுவரோரத்திலிருந்து நீ பொறுக்கிய கற்களை எடுத்துவந்தேன். ஒரு மூலையில் நான் வைத்தேன். ஒன்றை உன் அப்பா. ஒன்றை அந்தக் கலவைப் பையன், கட்டையை ஊன்றிக் குனிந்து. கடைசிக் கல்லை அக்காவிடம் கொடுத்தேன். அவள் அதை நெஞ்சோடு வைத்திருந்துவிட்டு வைத்தாள். வைத்த கையை எடுக்காமல் அப்படியே மண்ணில் சாய்ந்து அழுதாள். அத்தனை மாதத்து அழுகை.

சாவு வீட்டில் எல்லோரும் குனிந்துதான் அழுவார்கள். அன்று அக்காவைத் தவிர நாங்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றோம்.

பிறகு டேனரி மூடிப்போனது. களம் மனைகளாக விலைபோனது. நான் போய்க் கற்களை எடுத்துவந்தேன். அக்காவும் உன் அப்பாவும் போய்விட்டார்கள். உன் பெயரில் ஒரு தெருப்பலகை வைக்கச் சொல்லி எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். பார்க்கலாம் என்கிறார்கள். நானும் பார்க்கிறேன். கேட்பதை நிறுத்த மாட்டேன். நிற்பது எப்படி என்று ஒருவன் எனக்கு விளக்குமாற்றை வைத்துக் காட்டிக்கொடுத்திருக்கிறான். இப்போது எனக்கும் கை கால் நடுங்குகிறது. டாக்டர் வயசு என்கிறார். அவருக்கு என்ன தெரியும்?

இதை எழுதி முடிக்கும்முன் வெயில் இறங்கிவிட்டதா என்று பார்க்க மறுபடியும் மாடிக்குப் போனேன். வடகம் காய்ந்திருந்தது. நான்கு மூலையிலும் கல் இருந்தது. வேட்டி துளியும் அசையவில்லை. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. மருமகள் தட்டோடு வந்தாள்.

"தாத்தா, இன்னா மேலயே பாத்துக்கினு நிக்கறீங்க?"

"காக்கா வருதான்னு பாக்கறேன்" என்றேன்.